இருநூற்றுப் பதினான்கு 'ம்'

பெரியவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்த வரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒன்பது நாவல்கள். கொலை எழுதினேன், துரோகம் எழுதினேன், ஒரு ஆள் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பதை மட்டும் நாற்பது பக்கத்துக்கு எழுதினேன். ஏனய்யா இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பத்து நான்காவது வயதில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு நாவல் எழுதினேன். அவ்வளவுதான், மூன்று மாடிக் கட்டடம் ஒன்று என் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கட்டடத்தின் பெயர் இளையோர் வாசிப்பு நெறிப்படுத்தும் வாரியம். அது முளைத்ததற்கு நாங்களும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வயது எழுத்தாளர்கள் எல்லாரும், பேசிவைத்துக்கொண்டதைப் போல, ஒரே வருடத்தில் இளையவர்களுக்கு எழுதக் கிளம்பினார்கள். பெரியவர்கள் படிப்பதை விட்டுவிட்டார்கள், விமர்சகர்கள் எங்களை மறந்துவிட்டார்கள், வேறு எங்கேதான் போவது? துப்பறியும் கதைக்காரர் தன் பிணத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் போட்டார். தத்துவம் எழுதியவர் அதே தத்துவத்தை ஒரு பூனையின் வாயில் வைத்தார். இந்தப் படையெடுப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வாரியம். அதன் முத்திரை இல்லாமல் எந்தப் புத்தகமும் பள்ளி நூலகத்துக்குள் நுழைய முடியாது.

நான் எழுதியதற்குக் காரணம் வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள், பதினைந்து வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா வேறு ஊரில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று மகள் என்னுடன் தங்கிவிட்டாள். தங்கினாளே தவிர, அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய மொழியில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. 'ம்.' பால் வேண்டுமா, ம். பரீட்சை எப்படி, ம். அம்மாவிடம் பேசினாயா, ம்.

வேறு வேலை இல்லாததால் அந்த எழுத்தைக் கேட்கப் பழகினேன். கதவைத் திறந்துகொண்டு சொல்லும் ம் வேறு, சாத்திக்கொண்டு சொல்லும் ம் வேறு. தெரியும் என்று ஒன்று, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒன்று, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நில்லேன் என்று அபூர்வமாக ஒன்று. இதையெல்லாம் வைத்து நாவல் எழுதினேன். அதில் வரும் பெண் என் மகள்தான். அது அவளுக்குத் தெரியாது. என் புத்தகம் எதையும் அவள் தொட்டதுகூட இல்லை. என்றைக்காவது அவள் பள்ளி நூலகத்தில் யாரும் சொல்லாமல் தானாக அதை எடுத்துப் பிரிப்பாள், அப்பா காதில் இதெல்லாம் விழுந்துதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள் என்பது என் கணக்கு. நேரில் சொல்ல வக்கில்லாதவன்தானே எழுத்தாளன் ஆகிறான்.

வாரியத்தின் விண்ணப்பத்தில் முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. 'மனுதாரர் எத்தனை வயது குறைய விரும்புகிறார்?' என்பது நான்காவது. முப்பத்தொன்பது என்று எழுதினேன். 'பெரியவர்களுக்கு எழுதியதற்காக வருந்துகிறாரா?' என்பது ஒன்பதாவது. சில புத்தகங்களுக்கு வருத்தம் உண்மையாகவே இருந்ததால் ஆம் என்று போட்டேன். பதினேழாவது இடத்தில் 'ஆதாரம்' என்று மட்டும் இருந்தது. இந்தக் கதைக்கு எது ஆதாரம், எங்கிருந்து பிறந்தது என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, கொஞ்சம் நெகிழ்ந்துபோய், 'என் மகள்' என்று எழுதிவிட்டேன். எழுத்தாளனை நெகிழவிடக் கூடாது.

காத்திருப்பு அறையில் சிவப்பும் மஞ்சளுமாக முழங்கால் உயரத்துக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மனுதாரர்களுக்கு இளமைப் பார்வை வர வேண்டுமாம். உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது. பக்கத்து நாற்காலியில் தொடர்கதை அக்கா இருந்தார். நாற்பது வருடம் வாரப் பத்திரிகைகளில் குடும்பங்களைப் பிரித்துச் சேர்த்தவர். அவருடைய இளையோர் நாவலுக்கு இது நான்காவது முறை. முதலில் மாமியாரை எடுக்கச் சொன்னார்களாம், எடுத்துவிட்டார். பிறகு காதலை எடுக்கச் சொன்னார்களாம், அதற்குப் பதில் ஒரு நாயை வைத்தார். நாய்க்குக் கல்வித் தகுதி என்ன என்று இப்போது கேட்டிருக்கிறார்கள்.

"நீ எதையும் எதிர்த்துப் பேசாத தம்பி," என்றார் என்னிடம். "முத்திரைய வாங்கிட்டு வெளிய போய் அழுதுக்க."

என் கோப்பு மொழி ஆய்வாளரிடம் இருந்தது. மரியாதையான மனிதர். என் நாவல் முழுவதையும் படித்திருந்தார், அதாவது எண்ணியிருந்தார். இருநூற்றுப் பதினான்கு இடங்களில் 'ம்' வருகிறது என்றும் ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருப்பதாகவும் சொன்னார். பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். என் நாவலுக்கு அம்மை போட்டிருந்தது.

"மெய்யெழுத்து சொல்லுக்கு முதல்ல வராது சார்," என்றார். "ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். உங்க கதாநாயகிக்குத் தெரியலயே."

மனிதர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். மனிதர்கள் தும்மவும்தான் செய்கிறார்கள், அதற்காகத் தும்மலை அகராதியில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். பதிலுக்கு எதைப் போடலாம் என்று ஒரு பட்டியலும் தயாராக வைத்திருந்தார். சம்மதத்துக்கு 'ஆம், தந்தையே'. தயக்கத்துக்கு 'சற்றே சிந்திக்கிறேன்'. கோபத்துக்கு 'என் மனம் வருந்துகிறது'. உங்கள் பிள்ளை வீட்டில் இப்படியா பேசுகிறான் என்று கேட்டேன்.

"என் பையன் என்கிட்ட பேசறதே இல்ல சார். அதனால எங்க வீட்டுல இந்த இலக்கணப் பிரச்சினை வந்ததில்ல."

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து போலிருக்கிறது. எடுத்து, "ம்... ம்... ம்ம்... ம்," என்று சொல்லிவிட்டு வைத்தார். "எங்க விட்டோம்?" என்று என்னைப் பார்த்தார். நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா சொன்னது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. 'தங்கள் விண்ணப்பத்தின் பதினேழாம் பத்தியில் ஆதாரமாக மகளைக் காட்டியுள்ளீர்கள். மேற்படி ஆதாரத்தின் அசலையும் ஒரு நகலையும் விசாரணை நாளில் முன்வைக்கவும். நாவலின் தொடர்புடைய பகுதிகள் ஆதாரத்தின் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டு ஒப்பிடப்படும். ஆதாரம் வராத நிலையில், ஆய்வாளர் அது பயிலும் பள்ளிக்கே சென்று வகுப்பறையில் வாசித்து ஒப்பிடுவார்.'

அந்த நாவலில் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவள் ஒளித்துவைத்ததையெல்லாம் ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கிறேன். தனியாக, தானாக, ஒரு நாள் படிக்க வேண்டியதை ஆறு பேருக்கு நடுவில் ஒரு ஆய்வாளர் வாயால் கேட்கப்போகிறாள். இதற்குப் பிறகு அந்த ஒரு எழுத்தும் எனக்குக் கிடைக்காது. மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஓடினேன். மனுவைத் திரும்பப் பெறலாம், ஆதாரத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார்கள்.

விசாரணை அன்று அவளிடம், ஒரு அலுவலகத்தில் கையெழுத்து வேலை, நீயும் வர வேண்டும் என்று சொன்னேன். "ம்," என்றாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நிறுத்தம் வந்தது, போனது. அதற்கடுத்ததில் கண்டிப்பாக என்றேன். இப்படிப் பதினோரு நிறுத்தம். ஒன்பது நாவல் எழுதிய வாய்க்கு ஒரு வாக்கியம் வரவில்லை. இறங்கும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

விசாரணை அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் தலைவர் இருந்தார். எடை அளவைத் துறையில் முப்பது வருடம் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்பக்கம் மொழி ஆய்வாளர். மேசைக் கோடியில் குறிப்பெழுத்தர், பேசுவதையெல்லாம் பதிவு செய்பவர். இடப்பக்கம் சிவப்புத் தொப்பியும் பொம்மை போட்ட சட்டையுமாக இளையோர் பிரதிநிதி. பதினேழு வயதில் வேறொரு துறையில் அந்தப் பதவிக்கு எடுத்து, வாரியம் வந்ததும் இங்கே அனுப்பினார்களாம். நிரந்தரப் பதவி என்பதால் மாற்ற முடியவில்லை. இப்போது ஐம்பத்தொன்று. ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

முதல் சிக்கல் ஆதாரத்தை எங்கே வைப்பது என்பது. ஆதாரங்கள் மேசைமேல் வைக்கப்பட வேண்டும் என்று விதி. கால்மணி நேரம் கலந்து பேசி, மேசையைத் தொடுமாறு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்காரவைக்கலாம் என்று தீர்மானித்தார்கள். நகலாக நான் கொண்டுபோனது அவளுடைய புகைப்படம். எட்டு வயதில் எடுத்தது, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். குறிப்பெழுத்தர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அசலும் நகலும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிக்கொண்டார். அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளைங்களுக்கு என்ன பிடிக்கும்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டுடலாமேன்னு சில பேர் சொல்றாங்க. கேக்கலாம். ரொம்ப சுலபம். ஆனா கேட்டா சொல்லிடுவாங்களே, அப்புறம் வாரியம் எதுக்கு?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். குறிப்பெழுத்தர் அதை முழுதாகப் பதிவு செய்தார்.

மொழி ஆய்வாளர் வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் அத்தியாயம். முகம் கழுவப்போகும் அந்தப் பெண் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் அழுகைச் சத்தம் அமுங்கிப்போகும் என்பதற்காக. வெளியே அப்பா நின்றுகொண்டு, தண்ணீர் வீணாகிறதே என்கிறார். உள்ளேயிருந்து 'ம்'.

என் மகள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கால் நின்றுவிட்டது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனார். அம்மா விட்டுப்போன செருப்பைத் தன் அளவுக்குச் சரியாகும்வரை மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறாளே, அந்த இடம். அதையும் ஒரே குரலில், காற்புள்ளி அரைப்புள்ளி விடாமல் வாசித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அடுத்தது ஏழாம் அத்தியாயம்," என்றார் ஆய்வாளர். "இந்த ஒரு இடம் மட்டும் வாரியத்துக்கு ரொம்பத் திருப்தி."

அம்மா வீட்டை விட்டுப் போகும் மத்தியானம் அது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிறது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கதவை மெல்லத் தட்டி, சாப்பிட்டியா என்று கேட்கிறார். 'ம்' என்கிறாள். அப்பா அங்கேயே கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்கிறார். ஆய்வாளரின் குரல்கூட அந்த இடத்தில் லேசாக இளகியது. என் மகள் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

தலைவர் அவள் பக்கம் குனிந்தார். "சொல்லும்மா. உன் வயசுப் பிள்ளைங்க இப்படித்தான் பேசுவாங்களா?"

எல்லாரும் காத்திருந்தோம்.

"ம்," என்றாள்.

குறிப்பெழுத்தர் பேனாவை ஓங்கியவர் ஓங்கியபடியே இருந்தார். சாட்சி சொன்னதை எழுத வேண்டும், ஆனால் சொன்னது சொல் இல்லை. இல்லாத சொல்லை எப்படிப் பதிவு செய்வது என்று ஆய்வாளரைக் கேட்டார். பதில் அளிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் ஆய்வாளர். அதற்குள் இளையோர் பிரதிநிதி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எங்க வயசுல நாங்க இப்படிப் பேச மாட்டோம்," என்றார். "பாப்பாவுக்குப் பதினஞ்சுதான் ஆகுது. இளையோரா இருந்து அனுபவம் பத்தாது. நான் முப்பத்துநாலு வருஷமா இளையோரா இருக்கேன்."

அது ஏற்கப்பட்டது. இருநூற்றுப் பதின்மூன்று 'ம்'களும் பட்டியலில் உள்ள வாக்கியங்களாக மாற்றப்பட வேண்டும். ஏழாம் அத்தியாயத்து 'ம்'முக்கு மட்டும் சிறப்பு விலக்கு, ஏனென்றால் அது அக்கறையுள்ள தந்தைக்குப் பணிவுள்ள மகள் சொன்னது. அந்தப் பத்தி முன்மாதிரிப் பத்தியாகப் பாடப்புத்தகத்திலும் சேர்க்கப்படும். நான் அங்கேயே கையெழுத்துப் போட்டால் அங்கேயே முத்திரை. மறுத்தால் ஆயுளுக்கும் நான் இளையோருக்கு எழுதத் தகுதியில்லாதவன்.

ஏட்டை என் பக்கம் தள்ளினார்கள், பேனா கொடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், நான் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். பாடப்புத்தகம் என்றதும் மனசு சபலப்பட்டது. முத்திரை கிடைத்தால் போதும், வெளியே போய் அழுதுகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

"அது நடக்கல," என்றாள் என் மகள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. என்னம்மா நடக்கவில்லை என்று தலைவர் கேட்டார்.

"அன்னைக்கு அப்பா கதவத் தட்டல. சாப்பிட்டியான்னு கேக்கல. அவர் ரூமுக்குள்ள உக்காந்து எழுதிட்டிருந்தார். மத்ததெல்லாம் நடந்துச்சு. இது மட்டும் நடக்கல."

அவள் சொன்னது உண்மை. வண்டி கிளம்பிய சத்தம் கேட்டும் நான் வெளியே வரவில்லை. கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறானே ஒருவன், அந்த நாற்பது பக்கத்தில் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கான இலக்கியம் முக்கியமாகப்பட்டது. பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி நாவல் எழுதியபோது, எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டு, என்னை மட்டும் கதவுக்கு வெளியே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன். எழுதி எழுதி, அது நடந்ததாகவே நம்பியும்விட்டேன்.

"கதைதானேம்மா," என்றார் தலைவர். "கதையில அப்பா நல்லவரா இருந்தா என்ன குறைஞ்சுபோகுது?"

"எங்களுக்கு நல்ல அப்பாதான் பிடிக்கும்," என்றார் பிரதிநிதி.

ஆய்வாளர் முன்னாலிருந்த என் நாவலை இழுத்து, கையெழுத்துக்காகக் கொடுத்த பேனாவால் ஏழாம் அத்தியாயத்தின் அந்தப் பத்தியைக் குறுக்காக அடித்தேன். கதவைத் தட்டியது, கேட்டது, உட்கார்ந்தது, எல்லாவற்றையும். அவள் சொல்லாத அந்த ஒரு 'ம்'மையும். ஆய்வாளர் பதறிப்போய், இருப்பதிலேயே அதுதானே சார் சரியாக இருந்தது என்றார். ஏற்கப்பட்ட ஒரே பகுதியை மனுதாரர் நீக்கிவிட்டதால் ஏற்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தீர்ப்பு எழுதிக் கோப்பை மூடினார்கள். மகள் பேசியது எதுவும் பதிவாகவில்லை. ஆதாரம் தானாகப் பேசினால் எழுதிக்கொள்வதற்கு ஏட்டில் இடம் இல்லையாம்.

காத்திருப்பு அறையைத் தாண்டும்போது தொடர்கதை அக்கா, கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் மடியில் நாயின் கல்வித் தகுதிச் சான்றிதழ் இருந்தது.

இரண்டு மாடி இறங்கினோம். எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தவளின் பின்கழுத்தைப் பார்த்தபடி வந்தேன். கோபமா என்று கேட்கலாம், மன்னித்துவிடு என்று சொல்லலாம், இரண்டையும் எத்தனையோ பாத்திரங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசிப் படியில் அவள் நின்றாள். நானும் நின்றேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதுதான் வாயில் வந்தது.

"சாப்பிட்டியா?"

'ம்' என்பாள் என்று நினைத்தேன். எந்த 'ம்' என்று பிரித்துப் பார்க்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இல்லப்பா," என்றாள்.

அன்றைக்கான பதிலா, இன்றைக்கான பதிலா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிடப் போனோம்.